குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போகிறீர்களா? பயத்தைக் குறைக்க எப்போது, என்ன செய்யலாம்

என் மகனை இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். முதல் தடவை நாலு வயதில், டெங்குவுக்கு. இரண்டாவது ஆறு வயதில், டான்சிலும் அடினாய்டும் எடுக்க. முதல் தடவை எனக்கு எதுவுமே தெரியாது. வென்ஃப்ளான் (ட்ரிப்ஸும் மருந்தும் ஏற்ற நரம்பில் போடும் குழாய்) போட நரம்பு கிடைக்கவில்லை. ஒரு சிஸ்டர் காலைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் தோளை அழுத்த, நான் தலையைப் பிடித்துக்கொண்டு "ஒண்ணுமில்லடா, வலிக்காது, வலிக்காது" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நாலாவது குத்தில்தான் கிடைத்தது. அன்று ராத்திரி இரண்டு மணி இருக்கும், தூங்கிவிட்டான் என்று நினைத்துப் போர்வையைச் சரிசெய்யப் போனேன். கண்ணைத் திறக்காமலே, "நீயும்தானே புடிச்ச" என்றான். அடுத்த இரண்டு நாள் சாப்பாடு ஊட்டக்கூட என்னை விடவில்லை, அவன் அப்பாதான் ஊட்டினார்.

அந்த இரண்டு வருட இடைவெளியில் குழந்தை மருத்துவரிடமும் மயக்க மருத்துவரிடமும் வார்டு சிஸ்டர்களிடமும் கேட்டுக் கேட்டுச் சேர்த்ததுதான் கீழே இருக்கிறது. ஏற்கெனவே குழந்தை அட்மிட் ஆகிவிட்டது, ஆஸ்பத்திரி கட்டிலில் உட்கார்ந்துகொண்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால் நேராக ஆறாவது பகுதிக்குப் போய்விடுங்கள். மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

1. தேதி குறிக்கும் முன் ஆஸ்பத்திரியில் கேட்டுவிட வேண்டியவை

டாக்டர் "ஆபரேஷன் பண்ணிடலாம்" என்று சொன்னதும் நாம் கேட்கிற முதல் கேள்வி, எவ்வளவு செலவாகும் என்பதுதான். அதையும் கேளுங்கள். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். ராத்திரி குழந்தையோடு எத்தனை பேர் தங்கலாம்? அப்பா தங்கலாமா, அம்மா மட்டும்தானா? (அரசு மருத்துவமனைகளின் குழந்தைகள் வார்டில் பல இடங்களில் ராத்திரி அம்மாவையோ பாட்டியையோதான் விடுவார்கள். அப்பாவிடமே ஒட்டிக்கொண்டிருக்கும் குழந்தை என்றால் இதை முன்கூட்டியே அதற்குச் சொல்லியாக வேண்டும்.) மயக்க மருந்து கொடுக்கும்போது நான் கூட இருக்கலாமா, தியேட்டர் வாசல் வரைக்கும்தானா? மயக்கம் தெளியும்போது என்னை எப்போது உள்ளே கூப்பிடுவீர்கள்? மயக்கம் மாஸ்க்கிலா, ஊசியிலா? ஊசி போடும் முன் மரத்துப்போகும் கிரீம் தடவ முடியுமா?

இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற இடமா என்று பாருங்கள். அவசரமில்லாத ஆபரேஷன் என்றால், என் கணக்கில், அறையில் ஏ.சி. இருக்கிறதா என்பதைவிட இதுதான் முக்கியம். நாங்கள் முதலில் விசாரித்த ஒரு இடத்தில் "குழந்தைதானே, அழத்தான் செய்யும்" என்று பதில் வந்தது. வேறு இடம் பார்த்தோம்.

இன்னொன்று. ஆபரேஷன் வரிசையில் குழந்தையை முதலாவதாகப் போட முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சின்னக் குழந்தைகளைத்தான் முதலில் எடுப்பார்கள், ஆனாலும் வாய்விட்டுக் கேட்டுவிடுவது நல்லது. காலை ஏழரைக்கு உள்ளே போகிற குழந்தை தூக்கக் கலக்கத்தோடு போய்விடும். பதினோரு மணி வரை பட்டினியோடு காத்திருக்கும் குழந்தை பசியில் அழுகிறதா பயத்தில் அழுகிறதா என்று நமக்கே தெரியாது.

2. காகிதங்களை முந்தின வாரமே முடித்துவிடுங்கள்

குழந்தையின் பயத்துக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். அட்மிஷன் அன்று நீங்கள் ரேஷன் கார்டு நகலுக்காக மூன்று மாடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தால், முதல் ஊசி போடும்போது குழந்தையின் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள். எங்களுக்கு டெங்கு சமயத்தில் அதுதான் நடந்தது. முதல் ரத்தப் பரிசோதனைக்குக் குத்தும்போது நான் பில்லிங் கவுண்டர் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு ஃபைலில் இவை இருக்கட்டும்: குழந்தையின் ஆதார், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பழைய ரிப்போர்ட்டுகள், இப்போது கொடுக்கும் மருந்துகளின் பட்டியல், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று ஒரு தாளில் பெரிதாக எழுதியது. உங்கள் ஆதார் நகல் நாலு. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ நாலு.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செய்வதாக இருந்தால் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். இங்கே நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: ரேஷன் கார்டில் குழந்தையின் பெயர் சேர்த்திருக்க மாட்டார்கள். பிறந்து ஐந்து வருடம் ஆகியிருக்கும், "சேத்துக்கலாம், சேத்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டிருப்பார்கள். இன்றைக்கே கார்டை எடுத்துப் பாருங்கள். பெயர் இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழோடு விண்ணப்பித்துவிடுங்கள், அது ஒரே நாளில் நடக்கிற வேலை இல்லை.

தனியார் இன்ஷூரன்ஸ் என்றால் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, டான்சில், அடினாய்டு, குடலிறக்கம் போன்றவற்றுக்குப் பல பாலிசிகளில் இரண்டு வருடக் காத்திருப்புக் காலம் உண்டு. நாங்கள் ஐந்து மாதம் தள்ளிப்போட்டதே இதனால்தான், டாக்டரும் தள்ளிப்போடலாம் என்றார். இரண்டு, அறை வாடகைக்கு உச்சவரம்பு இருந்து அதைவிடப் பெரிய அறை எடுத்தால், வாடகை வித்தியாசத்தோடு நிற்காது, டாக்டர் கட்டணம் போன்ற வேறு சிலவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். மூன்று, முன்கூட்டியே திட்டமிட்ட அட்மிஷன் என்றால் பெரும்பாலான பாலிசிகளில் 48 மணி நேரத்துக்கு முன்பும், அவசர அட்மிஷன் என்றால் சேர்த்து 24 மணி நேரத்துக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். உங்கள் பாலிசியில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கேஷ்லெஸ் (நாம் கட்டாமல் இன்ஷூரன்ஸே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டுவது) கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும் என்று 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதி போட்டிருக்கிறது. அப்படியும் கையில் கொஞ்சம் பணம் இருக்கட்டும். அட்வான்ஸாக எங்களிடம் 15,000 கேட்டார்கள், அது போகக் கையுறை, சிரிஞ்சு போன்ற இன்ஷூரன்ஸில் வராத சாமான்களுக்கும் எங்கள் சாப்பாட்டுக்குமாக நாலாயிரம் ரூபாய்க்குக் கிட்ட ஆனது.

3. குழந்தையிடம் எத்தனை நாள் முன்னால் சொல்வது

ரொம்ப முன்னாலும் வேண்டாம், கடைசி நிமிடத்திலும் வேண்டாம். இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்கு முந்தின நாள் சொன்னால் போதும், அதற்கு "அடுத்த வாரம்" என்றால் என்னவென்றே தெரியாது. நாலு முதல் ஆறு வயது என்றால் மூன்று நாள், ஐந்து நாள் முன்பு. ஏழு வயதுக்கு மேல் ஒரு வாரமாவது வேண்டும், ஏனென்றால் அவர்கள் யோசித்து யோசித்துக் கேள்வியோடு வருவார்கள்.

பெரிய தப்பு எது தெரியுமா? "மாமா வீட்டுக்குப் போறோம்" என்று ஏமாற்றிக் கூட்டிப்போவது. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், எனக்கே என் அத்தை அப்படித்தான் சொல்லச் சொன்னார். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நின்ற நிமிடமே குழந்தைக்கு நம் வார்த்தை மேல் இருந்த நம்பிக்கை போய்விடும். அதற்கப்புறம் நீங்கள் "இது வெறும் டெம்பரேச்சர் பாக்கற மிஷின்" என்று உண்மையைச் சொன்னாலும் நம்பாது.

4. என்ன வார்த்தையில் சொல்வது

நாம் சாதாரணமாகச் சொல்லும் வார்த்தைகள் குழந்தையின் காதில் வேறு மாதிரி விழுகின்றன. "தியேட்டருக்குள்ள கூட்டிட்டுப் போவாங்க" என்று டாக்டர் சொன்னதும் என் மகன் என்னைப் பார்த்து, "என்ன படம்?" என்றான். தியேட்டர் என்றால் அவனுக்கு சினிமா தியேட்டர்தான். ஆபரேஷன் ரூம், பெரிய லைட் இருக்கும், ஏ.சி. ரொம்பக் குளிராக இருக்கும், எல்லாரும் பச்சை டிரஸ் போட்டு முகத்தை மூடியிருப்பார்கள் என்று சொல்லிவிட வேண்டும்.

"ரத்தம் எடுப்பாங்க" என்றால் உடம்பில் இருக்கிற ரத்தத்தை எல்லாம் எடுத்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொள்ளும் குழந்தைகள் உண்டு. ஒரு டீஸ்பூனில் பாதி தண்ணீர் எடுத்துக் காட்டுங்கள். சாதாரண ரத்த அணுப் பரிசோதனைக்குச் சுமார் இரண்டு மில்லி போதும், அரை ஸ்பூன்கூட இல்லை. "உன் உடம்பு அதைத் திரும்பச் செஞ்சுக்கும்" என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட.

"தூங்க வெச்சுடுவாங்க" என்பதில் கவனம் தேவை. வீட்டில் யாராவது இறந்தபோது "தாத்தா தூங்கிட்டாரு" என்று சொல்லியிருப்போம். "இது ராத்திரித் தூக்கம் மாதிரி இல்ல, மருந்து கொடுத்து வர்ற தூக்கம். டாக்டர் வேலை செய்யும்போது உனக்கு ஒண்ணும் தெரியாது. வேலை முடிஞ்சதும் மருந்தை நிறுத்திடுவாங்க, நீ முழிச்சுக்குவ, நான் அங்க இருப்பேன்" என்று முழுசாகச் சொல்லுங்கள்.

"வெட்டுறது" வேண்டாம், "எடுக்கிறது" போதும். "வலிக்காது" வேண்டவே வேண்டாம். "வலிக்கும். கொஞ்ச நேரம்தான். வலிச்சா சொல்லு, மருந்து இருக்கு" என்பதுதான் சரி. டான்சிலுக்கு "ஐஸ்கிரீம் கிடைக்கும்" என்று மட்டும் சொல்லிக் கூட்டிப்போகிறார்கள். ஐஸ்கிரீம் கிடைக்கும்தான், ஆனால் அதை முழுங்கவே வலிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்த முதல் ஸ்பூனில் ஏமாந்துபோகும்.

மூன்றிலிருந்து ஆறு வயதுக்குள் இருக்கும் குழந்தை, தான் ஏதோ தப்பு செய்ததால்தான் இப்படி ஆகிறது என்று நினைக்கும். அதற்கு நாமும் காரணம். "சாப்பிடலன்னா டாக்டர் மாமாகிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்" என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம்! அட்மிஷன் இருக்கோ இல்லையோ, இதை இன்றோடு நிறுத்துங்கள். வீட்டில் பெரியவர்களிடமும் சொல்லி நிறுத்த வையுங்கள். "நீ எந்தத் தப்பும் பண்ணல, இது யாருக்கு வேணும்னாலும் வரும்" என்பதைக் குழந்தை கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.

சொல்லி முடித்ததும் விளையாட விடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு துணி யானை இருக்கிறது, தும்பிக்கை தையல் விட்டுப்போனது. ஊசி இல்லாத சிரிஞ்சு, கொஞ்சம் பஞ்சு, பிளாஸ்திரி வாங்கிக் கொடுத்தேன், மெடிக்கலில் முப்பது ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. யானைக்கு அவன்தான் டாக்டர். முதல் நாள் யானையை அடித்துப் பிடித்து இருபது ஊசி போட்டான். எனக்குப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது, ஆனால் தடுக்கவில்லை. மூன்றாம் நாள், "கொஞ்சம் வலிக்கும், கையை மட்டும் ஆட்டாத" என்று யானையிடம் சொல்ல ஆரம்பித்தான்.

5. பையில் என்ன வைப்பது

அவன் தலையணை உறை, துவைக்காதது. வீட்டு வாசனை அதில்தான் இருக்கும். ஒரு பொம்மை. கழுத்து வழியாக மாட்டாத, முன்னால் பட்டன் வைத்த சட்டை இரண்டு, ட்ரிப்ஸ் ஓடும்போது மாற்ற அதுதான் வசதி. நீளமான வயரோடு சார்ஜர். போனில் பாட்டும் கதையும் முன்கூட்டியே டவுன்லோடு செய்துவிடுங்கள், வார்டுக்குள் சிக்னல் கிடைக்குமென்று நம்ப முடியாது. சோப்புக் குமிழி ஊதும் டப்பா ஒன்று, அது எதற்கு என்று அடுத்ததில் சொல்கிறேன்.

6. ஊசி

குழந்தையின் பயத்தில் முக்கால்வாசி இதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மரத்துப்போகும் கிரீம். லிக்னோகெய்னும் பிரிலோகெய்னும் கலந்தது, பிரிலாக்ஸ் என்ற பெயரில் மெடிக்கலில் கிடைக்கிறது. ஊசி போடும் இடத்தில் தடவி மேலே ஒட்டுப்படலம் ஒட்டி ஒரு மணி நேரம் விட வேண்டும். இங்கேதான் தவறு நடக்கும். பத்து நிமிடம் முன்பு தடவிவிட்டு "இது வேலையே செய்யல" என்பார்கள். ஒரு மணி நேரம் வேண்டும். இரண்டு கையிலும் தடவச் சொல்லுங்கள், ஒரு கையில் நரம்பு கிடைக்காவிட்டால் அடுத்த கை தயாராக இருக்கும். டாக்டரிடம் கேட்காமல் நீங்களாக வாங்கித் தடவாதீர்கள், அதிலும் கைக்குழந்தைக்குக் கூடவே கூடாது. அவசரச் சிகிச்சையில் ஒரு மணி நேரம் காத்திருக்க முடியாது, அது வேறு. ஆனால் நாள்தோறும் ரத்தம் எடுக்கிற அட்மிஷன் என்றால் காலை ஆறு மணிக்கு எடுக்க வருகிறார்கள் என்று தெரிந்து ஐந்து மணிக்குத் தடவலாமே. டெங்குவில் தினமும் தட்டணுவும் ஹெமட்டோகிரிட்டும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) பார்ப்பார்கள், சில நாள் இரண்டு தடவைகூட.

படுக்கப் போட்டுப் பிடிக்க வேண்டாம். குழந்தையை உங்கள் மடியில், உங்களைப் பார்த்தபடி, கால் இரண்டும் உங்கள் இடுப்பைச் சுற்றி வருகிற மாதிரி உட்கார வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு கையை மட்டும் உங்கள் அக்குளுக்குக் கீழே வெளியே நீட்டினால் சிஸ்டர் அதில் வேலை செய்யலாம். மல்லாக்கப் படுக்க வைத்து நாலு பேர் அழுத்தும்போது வருகிற பயம் ஊசியின் வலியைவிடப் பெரியது. "மடியில வெச்சுக்கட்டுமா சிஸ்டர், நான் நல்லாப் பிடிச்சுக்குவேன்" என்று கேளுங்கள். இரண்டாவது அட்மிஷனில் ஒரு சிஸ்டர் முதலில் தயங்கினார், முயற்சி செய்து பார்க்கலாம் என்றார், ஒரே குத்தில் முடிந்தது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தை என்றால் பால் கொடுத்துக்கொண்டே போடச் சொல்லுங்கள், அந்த வயதில் வலியைக் குறைக்க அது நல்ல வழி.

ஊதச் சொல்லுங்கள். குமிழி ஊதும்போது மூச்சு நீளமாக வெளியே போகும், உடம்பு தளரும், கண்ணும் குமிழியோடு போய்விடும். குமிழி இல்லாவிட்டால் உங்கள் விரலை மெழுகுவர்த்தி என்று சொல்லி ஊதி அணைக்கச் சொல்லலாம்.

தேர்ந்தெடுக்க விடுங்கள், ஆனால் உண்மையாகவே தேர்ந்தெடுக்கக் கூடியதை மட்டும். "ஊசி போட்டுக்கலாமா?" என்று கேட்காதீர்கள். வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? "எந்தக் கை? பாக்கறியா, கண்ணை மூடிக்கிறியா? ஒண்ணு ரெண்டு மூணு சொல்லிட்டுப் போடச் சொல்லவா?" என்று கேளுங்கள். எழுதுகிற கையில், விரல் சூப்புகிற கையில் வென்ஃப்ளான் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

அழ விடுங்கள். "ஆம்பளப் புள்ள அழலாமா" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். நான் சொன்னது இதுதான்: "கத்தலாம், அழலாம், என்னைத் திட்டலாம். கையை மட்டும் ஆட்டக் கூடாது. அது ஒண்ணுதான் உன் வேலை."

அப்புறம் ஒரு சின்ன விஷயம், ஆனால் பெரிய நிம்மதி. வென்ஃப்ளான் போட்ட பிறகு ஊசி உள்ளேயே இருக்கிறது என்று குழந்தை நினைத்துக்கொண்டு கையை அசைக்காமல் நாள் முழுக்க வைத்திருக்கும். உள்ளே இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் குழாய், ஊசியை அப்போதே வெளியே எடுத்துவிடுகிறார்கள். டெங்கு சமயத்தில் இது எனக்கே தெரியாது. இரண்டாம் தடவை சிஸ்டரிடம் கேட்டு, ஊசி எடுத்த ஒரு புதுக் குழாயை அவன் விரலால் தொட்டு வளைத்துப் பார்க்க வைத்தோம். "இது ஸ்ட்ரா மாதிரிம்மா" என்றான், அடுத்த நிமிடமே அந்தக் கையால் யானையைத் தூக்கினான். அதே குழாயில் மருந்து ஏற்றும்போது சில்லென்று இருக்கும், சில மருந்து எரியும், அதையும் ஏற்றும் முன் சொல்லுங்கள். எரிச்சல் அதிகமாக இருந்தாலோ கை வீங்கினாலோ பயம் என்று ஒதுக்காமல் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

7. வார்டில் இருக்கும் நாட்கள்

இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு மெடிக்கலுக்கும் லேபுக்கும் பில்லிங்குக்கும் ஓடுவது நோயாளியோடு தங்கும் ஆள்தான். ஒருவர் ஓட, ஒருவர் குழந்தையோடு. ஒரே ஆள் என்றால் பக்கத்துக் கட்டில் அம்மாவைக் குழந்தைக்கு முதல் நாளே பழக்கிவிடுங்கள்.

சொல்லாமல் நழுவாதீர்கள். தூங்கும்போது போய்விட்டு வந்துவிடலாம் என்று நினைப்போம், அந்த ஐந்து நிமிடத்தில்தான் முழிக்கும். முழித்தபோது நீங்கள் இல்லை என்றால் அடுத்த தூக்கமே வராது. "கீழ மெடிக்கலுக்குப் போறேன், அந்தப் பாட்டு ரெண்டு தடவை முடியறதுக்குள்ள வந்துடுவேன்" என்று சொல்லி, உங்கள் துப்பட்டாவையோ துண்டையோ கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். சொன்ன நேரத்தில் வந்துவிடுங்கள்.

கட்டிலில் வைத்து ஊசி போடாமல் சிகிச்சை அறைக்குக் கூட்டிப்போய்ப் போட முடியுமா என்று கேளுங்கள். கட்டிலில் வலிக்கிற எதுவும் நடக்காது என்று தெரிந்தால் குழந்தை அங்கே நிம்மதியாகத் தூங்கும். இடநெருக்கடியில் எல்லா இடத்திலும் முடியாது, முடிந்தால் நல்லது.

போனில் பேசும்போது கவனமாக இருங்கள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். "தட்டணு இறங்கிட்டே இருக்காம், எனக்கு பயமா இருக்கு" என்று நாம் சொல்வதைக் குழந்தை கார்ட்டூன் பார்ப்பது போலிருந்தாலும் கேட்டுக்கொண்டிருக்கும். வெளியே போய்ப் பேசுங்கள். கட்டில் பக்கத்தில் நின்று "ஐயோ பச்சப் புள்ளைக்கு இப்படியா" என்று அழுகிறவர்களையும் வெளியே வைத்துப் பார்த்து அனுப்பிவிடுங்கள், கோபித்துக்கொண்டால் பரவாயில்லை.

அழுவதை எல்லாம் பயம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், வலியாகவும் இருக்கும். சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரை ஆறு முகம் வரைந்து, இப்போது எந்த முகம் என்று கேளுங்கள். விரலால் காட்டிவிடும். நாலாவது ஐந்தாவது முகம் என்றால் சிஸ்டரிடம் அதையே சொல்லுங்கள்.

8. ஆபரேஷன் அன்று

பட்டினிக் கணக்கில்தான் தொல்லை ஆரம்பிக்கும். பொதுவான அளவு இது: இட்லி போன்ற எளிய சாப்பாடும் பாலும் ஆறு மணி நேரம் முன்பு வரை, தாய்ப்பால் நாலு மணி நேரம் முன்பு வரை, தெளிந்த தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை. "ராத்திரி பத்து மணிக்கு மேல எதுவும் கூடாது" என்று வார்டில் பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். மயக்க மருத்துவரிடமே நேராகக் கேளுங்கள், "தண்ணி எத்தனை மணி வரைக்கும் கொடுக்கலாம் டாக்டர்?" என்று. அவர் சொல்வதுதான் கணக்கு. எங்களுக்குக் காலை ஐந்தரை வரை தண்ணீர் கொடுக்கலாம் என்றார், தாகத்தில் அழுகிற அழுகை இல்லாமல் போனது. பாவம் பார்த்து ஒரு பிஸ்கட் கொடுத்துவிடாதீர்கள். மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பாட்டிகளிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள்.

ரொம்பப் பயப்படுகிற குழந்தைக்கு உள்ளே போகும் முன்பே பதற்றத்தைக் குறைக்கும் மருந்து, வாயிலோ மூக்கிலோ, கொடுக்க முடியும். வேண்டுமா என்பதை மயக்க மருத்துவர் முடிவு செய்வார், ஆனால் "இவன் ரொம்பப் பயப்படுவான்" என்று நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

எங்களை உள்ளே விடவில்லை, வாசல் வரைதான். அதை அவனிடம் முன்பே சொல்லியிருந்தேன். யானையைக் கூட்டிப்போகலாம் என்று அனுமதி வாங்கியிருந்தோம். கதவு திறந்ததும் திரும்பிப் பார்த்தான். "முழிக்கும்போது?" என்று கேட்டான். "நான் இருப்பேன்" என்றேன். நீங்கள் அழுவதாக இருந்தால் கதவு மூடிய பிறகு அழுங்கள், நான் அப்படித்தான் செய்தேன்.

மயக்கம் தெளியும் நேரம் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. சில குழந்தைகள் முழித்ததும் நம்மையே அடையாளம் தெரியாத மாதிரி கத்தும், உதைக்கும், வென்ஃப்ளானைப் பிடுங்கப் பார்க்கும். பார்க்கிற நமக்கு உயிரே போய்விடும். மயக்க மருந்து இறங்கும்போது சிலருக்கு இப்படி வரும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும், குழந்தைக்கு அது ஞாபகமும் இருக்காது. அதட்ட வேண்டாம், கேள்வி கேட்க வேண்டாம். கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருங்கள். என் மகனுக்கு இருபது நிமிடம் நீடித்தது. பிறகு, "யானைக்கும் எடுத்துட்டாங்களா?" என்று கேட்டான். அங்கே இருந்த சிஸ்டர் யானையின் கழுத்தில் ஒரு சின்னக் கட்டுப் போட்டு வைத்திருந்தார்.

9. டிஸ்சார்ஜ் நாள்

"இன்னிக்கு வீட்டுக்குப் போலாம்" என்று காலை ரவுண்ட்ஸில் டாக்டர் சொன்னதும் குழந்தையிடம் சொல்லிவிடாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரி தயாராகி, பில் போட்டு, இன்ஷூரன்ஸ் ஒப்புதல் வந்து (இதற்கு மூன்று மணி நேரம் என்று விதி), கிளம்பச் சாயந்தரம் ஆகிவிடலாம். அதுவரை "எப்போம்மா, எப்போம்மா" என்று கேட்டுக் கேட்டுக் கடைசியில் அழுகையில் முடியும். பில் முடிந்த பிறகு சொல்லுங்கள்.

வென்ஃப்ளான் எடுக்கும்போது வலிப்பதே பிளாஸ்திரி பிய்ப்பதுதான். கொஞ்சம் தண்ணீரோ எண்ணெயோ தடவி ஊறவிட்டு, குழந்தையையே ஒரு ஓரத்தைத் தூக்கச் சொல்லுங்கள். கிளம்பும் முன் சம்மரியில் பெயர், வயது சரியா என்று பார்த்துவிடுங்கள், பள்ளிக்கூடத்துக்கு விடுப்புச் சான்றும் அப்போதே வாங்கிவிடுங்கள். டான்சில் என்றால் பள்ளிக்கு இரண்டு வாரம் வரை விடுப்பு தேவைப்படும்.

10. வீட்டுக்கு வந்த பிறகு

பயம் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிடாது. நன்றாக இருந்த குழந்தை படுக்கையில் சிறுநீர் போகும், பாத்ரூமுக்குக் கூட நம்மை விடாமல் பின்னாலேயே வரும், ராத்திரி கத்தி எழுந்திரிக்கும், தொட்டதற்கெல்லாம் அடம் பிடிக்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் குறைந்துவிடும். திட்டாதீர்கள். பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளுங்கள், தினம் தூங்குகிற நேரத்துக்கே தூங்க வையுங்கள், ஊசி விளையாட்டு விளையாடினால் விளையாடட்டும். ஒரு மாதம் தாண்டியும் குறையவில்லை, சாப்பாடு தூக்கம் கெடுகிறது என்றால் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம், இலவசம்.

டான்சில் எடுத்த குழந்தை என்றால், தொண்டையில் வெள்ளையாகப் படிவதும் வாய் நாறுவதும் காது வலிப்பதும் சகஜம் என்பதை குழந்தைக்கும் சொல்லுங்கள், கண்ணாடியில் பார்த்துப் பயந்துவிடும். ஆனால் ரத்தம் வந்தால், முக்கியமாக ஐந்தாவது நாளிலிருந்து பத்தாவது நாள் வரை, கொஞ்சமாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். வலிக்கிறது என்று தண்ணீர் குடிக்காமல் இருக்க விடக் கூடாது, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

ஒரு வாரத்தில் ரிவ்யூவுக்கு வரச் சொல்வார்கள். முந்தின நாளே போன் போட்டு ஊசியோ ரத்தப் பரிசோதனையோ உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்று அவர்கள் சொன்னால் மட்டும் குழந்தையிடம் "நாளைக்கு ஊசி இல்ல" என்று சொல்லுங்கள். உறுதியாகத் தெரியவில்லை என்றால், "தெரியல, கேட்டுச் சொல்றேன்" என்றே சொல்லிவிடுங்கள். எங்களுக்கு இல்லை என்றார்கள், சொன்னேன். யானையைத் தூக்கிக்கொண்டு தானாகவே செருப்பை மாட்டினான்.